விடியற்காலையில் காரில் மோதிய மயில்: ஒரு லோடு வண்டி டிரைவரின் பதில்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், காலை ஆறே காலுக்கு, உங்கள் காரின் முன்கண்ணாடியில் மயில் மோதிச் செத்துவிட்டது. பயத்தில் நிறுத்தாமல் வந்துவிட்டீர்கள். கேஸ் ஆகுமா, மற்ற டிரைவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா, என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நாலு நாளாக அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறது." அதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். கேஸ் பற்றிக் கேட்டாலும், அதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் அப்புறம் வரட்டும்.

நான் 24 வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். முதலில் கிளீனர், பிறகு டெம்போ, இப்போது சொந்தமாக ஒரு பிக்கப். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ், காங்கேயத்திலிருந்து கொப்பரை, உடுமலைப் பக்கமிருந்து மக்காச்சோளம், வால்பாறைக்கு மளிகை என்று கொங்கு நாட்டில் நான் போகாத தடம் குறைவு. மயில், பக்கி என்கிற இராப்பறவை, கூகை, முயல், கீரி, பாம்பு எல்லாம் என் வண்டியில் அடிபட்டிருக்கின்றன. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடிபட்ட ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த நினைவை வைத்துத்தான் இந்தப் பதில். நான் கால்நடை மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மனது வாங்கி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் 33 மீட்டர் போயாயிற்று. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 70 மீட்டர். மயில் வேலியைத் தாண்டித் தெரியும்போது உங்களுக்கும் அதற்கும் இடையே 20, 30 மீட்டர்தான் இருந்திருக்கும். அந்த நொடியில் நீங்கள் மட்டுமல்ல, யார் ஸ்டீயரிங்கில் இருந்தாலும் அந்த மயிலைக் காப்பாற்றியிருக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே இடத்தில் 40-ல் வந்திருந்தால் 26, 27 மீட்டரில் வண்டி நின்றிருக்கும். அந்தக் கடைசி நொடியில் உங்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருந்தது.

மோதிய வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ இருக்கும். 5 கிலோ மயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரில் மோதுவதும், 5 கிலோ அரிசிப் பையை 25 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதும் ஒன்று. எட்டு மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. காதில் நிற்பதாகச் சொன்ன சத்தம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இதிலிருந்தே புரியும். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்தும் உள்ளே விழாமல் நின்றதற்குக் காரணம், முன்கண்ணாடி இரண்டு தகடுகளாக, நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பது. பக்கக் கண்ணாடியில் சாதாரணமாக அந்தப் படலம் இருக்காது. அது பொடிப்பொடியாகக் கொட்டும். பைக்கில் போகிறவருக்கு எந்தக் கண்ணாடியும் இல்லை. மயில் மோதிக் கீழே விழுந்து உயிரை விட்ட பைக்காரர்கள் நம் பக்கத்தில் உண்டு. ஹெல்மெட் போட்டால் போதாது, முகக் கண்ணாடியையும் இறக்கி விட்டு ஓட்டுங்கள் என்று அதனால்தான் பையன்களிடம் சொல்கிறேன்.

மயில் எங்கே, எப்போது குறுக்கே வரும் என்பதற்கு வருகிறேன். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடுகள் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாய், சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். மயிலுக்கு அது மறைவு, மேய்ச்சல் இரண்டுமே. பறந்து வேலியைத் தாண்ட அதற்குத் தெரியும், ஆனால் நடக்கத்தான் பிடிக்கும். அதனால் வேலியில் சந்து விட்ட இடம், இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள மண்பாதை) வந்து ரோட்டில் சேரும் வாய், கட்டுத்தறிக்குப் போகும் மண்தடம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் பாலத்தின் ஓரம் என்று சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப வெளியே வரும். விடிந்ததும் மரத்திலிருந்து இறங்கி இரைக்குப் போகும், பொழுது சாயத் திரும்பி வந்து மரமேறும். காலை ஆறிலிருந்து எட்டு வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை அந்த வாய்களைத் தாண்டும்போது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீங்கள் சொன்ன நேரமும் அதுதான்.

இன்னொன்று, மயில் தனியாகக் கடப்பது குறைவு. இதை நான் படிக்கவில்லை, அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஊதியூர் தாண்டி ஒரு நாள் காலையில் ஒரு பெட்டை மயில் இடப்பக்கமிருந்து நடந்து வந்தது. பிரேக் பிடித்தேன், அது போய்விட்டது. சரி, தப்பித்தது என்று கியரைப் போட்டு எடுத்தேன். பின்னாலேயே இன்னொரு பெட்டை, அதன் காலடியில் கவுதாரி அளவுக்கு மூன்று குஞ்சுகள். தாய் எழும்பிவிட்டது. ஒரு குஞ்சு எழும்பத் தெரியாமல் ரோட்டிலேயே படுத்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தபோது கழுத்து மட்டும் அசைந்தது, கையில் எடுத்ததும் அதுவும் நின்றது. உள்ளங்கையில் அதன் சூடு கொஞ்ச நேரம் இருந்தது. அன்றிலிருந்து ஒரு மயில் கடந்தால் நான் கடந்த பக்கத்தைப் பார்ப்பதில்லை, அது வந்த பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பின்னால் வருவது அங்கிருந்துதான் வரும்.

ரோட்டுக்குப் பறவைகளை நாமே கூப்பிடுவதும் உண்டு. அறுவடைக் காலத்தில் சோளம், கம்பு, கொள்ளுத் தட்டை ரோட்டில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். புறா, கிளி, மைனா, மயில் எல்லாம் அங்கேதான் இறங்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித் தீவன லோடு போகும் வழியில் மக்காச்சோளம் சிந்திக் கிடக்கும். நானே அந்த லோடு ஏற்றுகிறவன் என்பதால் சொல்கிறேன்: தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பின்கதவு இடுக்கில் சாக்கு அடைத்தால் பாதிச் சிந்தல் நின்றுவிடும். அப்புறம் ரோட்டில் செத்துக் கிடக்கும் நாய், பெருச்சாளி. அதைத் தின்ன வரும் காக்கையும் கீரியும் அடுத்த வண்டியில் அடிபடும். போக்குவரத்து இல்லாத நேரமாக இருந்தால் குச்சியால் அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போவது என் வழக்கம்.

பறவை ஏன் நேரத்தில் எழும்புவதில்லை என்று கேட்டால், வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து அது எழும்புகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணக்கிடுவதில்லை என்பதுதான் எனக்குப் புரிந்த பதில். அமெரிக்காவில் ஒரு வகைச் சிறு பறவையை வைத்துச் செய்த சோதனையிலும் இதேதான் தெரிந்தது. மெதுவாக வரும் வண்டிக்கும் வேகமாக வரும் வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் அவை எழும்பின. மயிலும் அப்படியே என்று அந்தச் சோதனையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்த வரை ஒத்துப்போகிறது. மாட்டு வண்டியும் மொபெட்டும் போன காலத்தில் 20 மீட்டரில் எழும்பினால் போதுமாக இருந்தது, இன்றைக்குப் போதவில்லை. மயிலுக்கு இன்னொரு சிரமம், நாலடி ஓடி, எடையைத் தூக்கிக்கொண்டு சாய்வாகத்தான் மேலே ஏறும். பம்பருக்கு மேலே, கூரைக்குக் கீழே, சரியாக முன்கண்ணாடி உயரத்தில் அப்போது இருக்கும். அருகில் போய் ஹாரன் அடிப்பது இதனால்தான் ஆகாது. தூரத்திலேயே அடித்தால் ஓரமாக நடந்துவிடும், பக்கத்தில் போய் அடித்தால் மேலே எழும்பி நம் முகத்துக்கு நேராக வரும்.

இரவுக் கதை வேறு. பக்கி என்று ஒரு பறவை உண்டு, தரையோடு தரையாக ரோட்டில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் காய்ந்த சாணி மாதிரிதான். ஹெட்லைட் பட்டால் கண் மட்டும் நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பாக மின்னும். வண்டி ஏறப்போகும் கடைசி நேரத்தில்தான் எழும்பும். ஆசனூர்ப் பக்கம் அடிபட்டு மயங்கிய ஒன்றை ஒருமுறை கையில் எடுத்திருக்கிறேன். உள்ளங்கையை நிறைக்கும் உடம்புக்கு எடையே இல்லை. இறகு பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. இத்துனூண்டு அலகைத் திறந்தால் காது வரைக்கும் வாய், ஓரமெல்லாம் மீசை முடி. பூச்சியைப் பறந்தபடியே வாரிப் பிடிக்க அந்த வாய். புதருக்கு அடியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன், சத்தமே இல்லாமல் பறந்து போய்விட்டது. மழை பெய்து ஈசல் கிளம்பும் இரவுகளில் பக்கியும் கூகையும் தவளையும் பாம்பும் ரோட்டில்தான் இருக்கும். அன்றைக்கு 50-க்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

புள்ளிமான், கடமான் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு. அதனால் தூரத்திலேயே புள்ளியாக மின்னும். பிரைட் லைட்டில் மான் திகைத்து நின்றுவிடும். டிம் செய்து, நிறுத்தி, நேரம் கொடுத்தால் போய்விடும். காட்டுமாட்டைக் கண்ணை வைத்துத் தேடாதீர்கள். உடம்பு கறுப்பு, இருட்டோடு கலந்துவிடும். முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளையாக இருப்பதால், லைட்டில் முதலில் தெரிவது உடம்பில்லாத நாலு வெள்ளைக் கால்கள்தான். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி நேரத்தில் அந்தக் கால்களைப் பார்த்து நிறுத்தியே நான் இரண்டு முறை பிழைத்திருக்கிறேன். அது ஆயிரம் கிலோ வரை போகும் உருப்படி, மோதினால் போவது நாமும்தான். யானை இருக்கும் தடங்களில், உடுமலையிலிருந்து மூணாறு போகும் ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கு அப்பால், அல்லது காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக அவை ரோட்டில் நிற்கும் இடத்தில், எட்டியே நிறுத்திவிட வேண்டும். ஹாரன் கூடாது, பிரைட் லைட்டும் கூடாது.

பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாகப் போகும் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு நடுவே, 27 கொண்டை ஊசி வளைவுகளோடு போகும் ரோடு. காய்கறி ஏற்றும் எங்களுக்கு அது பெரிய கஷ்டம், தாளவாடி விவசாயிகளுக்கு அதைவிடக் கஷ்டம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் விடியற்காலையில் அந்த ரோட்டில் நசுங்கிக் கிடந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன், தடை வந்த பிறகும் பார்க்கிறேன். குறைந்திருக்கிறது. இது என் கண்ணால் பார்த்த கணக்கு மட்டுமே, யாரும் எண்ணி எழுதியதை வைத்துச் சொல்லவில்லை.

மோதப் போகிறது என்று தெரியும் நொடியில் என்ன செய்வது? பறவையோ முயலோ கீரியோ என்றால், கையை நேராக வைத்து பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். நம் ரோடுகளில் ஓரத்தில் புளியமரம், எதிரே பேருந்து. கீரிக்காக ஒடித்துப் புளியமரத்தில் மோதிய ஒரு வண்டியை நானே கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் காரில் குழந்தை இருந்தால் வேறு வழி இல்லை.

சந்தேகமான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பம்பரில் மாட்டும் விசில் விற்கிறார்கள். காற்றில் சத்தம் போட்டு மிருகங்களை விலக்கும் என்பார்கள். அது வேலை செய்வதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. நானும் ஒரு வருடம் மாட்டி ஓட்டினேன், வித்தியாசம் தெரியவில்லை. மயில் தன் நிழலைப் பார்த்துத்தான் காரில் மோதுகிறது என்பது பாதி உண்மை. நிறுத்தி வைத்த காரின் கதவில் தெரியும் உருவத்தை எதிரி என்று நினைத்து ஆண் மயில் கொத்தும், பெயின்ட் போகும். ஓடும் காருக்கு அது பொருந்தாது. மயில் ஏன் இவ்வளவு பெருகியது என்றால், குஞ்சைத் தின்னும் குள்ளநரி குறைந்தது, விளைநிலங்கள் தரிசாகிச் சீமைக் கருவேலம் பெருகியது, யாரும் அடிப்பதில்லை என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றிலும் உண்மை இருக்கலாம், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை.

இனி, நிறுத்தாமல் வந்தது. அது மட்டும் தப்புதான், இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. செத்துவிட்டது என்று ஓடும் காரில் இருந்து தெரியாது. மயங்கி விழுந்த பறவை பல நேரம் பிழைக்கும். அடுத்த முறை யாருக்கு நடந்தாலும் வண்டியை ஓரம் கட்டி, நாலு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருவதைப் பார்த்து இறங்குங்கள். உயிர் இருந்தால் துண்டையோ சாக்கையோ தலையோடு சேர்த்துப் போர்த்தி எடுக்க வேண்டும். இருட்டானால் பறவை அடங்கும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி இருந்தால் நல்லது. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இதை நான் ஒரு கூகையிடம் கற்றேன். பொள்ளாச்சி ரோட்டில் என் வண்டியில் அடிபட்டது. பாவம் என்று பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, பறவைக்கு மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது, ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும் என்றார். அது மறுநாள் செத்துப்போனது. இறக்கை எலும்பும் முறிந்திருந்தது, தண்ணீரால் செத்ததா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியோடு பக்கத்து வனச்சரக அலுவலகத்திலோ அரசு கால்நடை மருத்துவமனையிலோ கொடுத்துவிடுங்கள். மான் போன்ற பெரிய மிருகம் என்றால் தொடாமல் வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லிவிட்டு, பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்து நின்றால் போதும்.

சட்டத்தில் உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. 1963 முதல் மயில் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்துக் கிடக்கும் வனவிலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்டதும் அரசின் சொத்து. அதை எடுத்து வைத்திருப்பவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். நீங்கள் எடுக்கவில்லை, அதனால் அந்தக் கெடு உங்களுக்கு ஓடவில்லை என்பது என் புரிதல். நான் பார்த்தவற்றில், மோதியதை உடனே சொன்னவர்களிடம் வனத்துறையினர் விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, உடலைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். உண்மையில் மாட்டிக்கொள்பவர்கள் கறிக்காக டிக்கியில் போட்டுக்கொண்டு போனவர்கள்தான். புலிகள் காப்பகத்துக்குள் வேகமாகப் போய் மோதினால் கதை வேறு. மனசு உறுத்தினால் இப்போதும் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லலாம். போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் முழுக் காப்பீடாக இருந்தால் இந்தச் சேதம் அதில் வரும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வராது. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் கிளெய்ம் போட்டால் அடுத்த வருடப் பிரீமியச் சலுகை போய்விடலாம், இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கண்ணாடியோடு விட்டுவிடாமல் கிரில்லைத் திறந்து ரேடியேட்டரில் இறகு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டு இன்ஜின் சூடேறி நின்றேன்.

முருகன் வாகனத்தை அடித்துவிட்டோமே என்று உங்கள் அம்மா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான். குஞ்சு அடிபட்ட அன்று திரும்பும் வழியில் வண்டியைச் சிவன்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நிறுத்தி, படியேறிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதனால் என்ன ஆனது என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் அன்று இரவு தூங்கினேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மோதிய இடத்துக்குப் பக்கத்தில் என்ன கிலோமீட்டர் கல், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். வாரம் இரண்டு தடவை அந்த ரோட்டில் போகிறேன். அங்கே இட்டேரி வாயோ வேலிச் சந்தோ இருந்தால் எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுகிற பையன்களுக்கும் சொல்லி வைப்பேன்.